கார்டு போச்சு சார்!

சென்ற மாதம் முழுக்க நான் இங்கே ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்துப் போன் செய்து விசாரித்தவர்களுக்கு நன்றி. உடம்பு 75 வயதுக்கு உரிய லட்சணத்தில் இருக்கிறது. கெட்டுப்போனது என் கம்ப்யூட்டரின் திரை. அது சரியாகிவிட்டது. ஆனால் சரியான விதத்தை நினைத்தால் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வருகிறது. அந்த எரிச்சலைத்தான் இன்று எழுதுகிறேன். நம் வயசுக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கும் இதைச் சொல்வார்கள்: "கார்டு போச்சு சார்!"

என்னுடையது 2015-இல் பாகங்கள் வாங்கிக் கடையில் பொருத்திய டெஸ்க்டாப். அதே வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. சின்னத் திரையில் படிக்க முடியாமல் 27 அங்குலத் திரை ஒன்று வாங்கினேன். அதை இணைக்க எச்.டி.எம்.ஐ. துளை வேண்டும் என்றார்கள். என் மதர்போர்டில் அது இல்லை. அதற்காகச் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டோம். விளையாட்டுக்காக அல்ல. என் பேரன் இன்றுவரை அதை நம்பவில்லை. "தாத்தா, உங்களுக்கு எதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு?" என்று பெங்களூரிலிருந்து சிரிக்கிறான். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

பல வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. சென்ற மாதம் ஒரு பிற்பகல், ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது மூலையில் ஒரு அறிவிப்பு வந்தது: உங்கள் கம்ப்யூட்டரில் 14 டிரைவர்கள் பழசாகிவிட்டன, இங்கே தட்டினால் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறோம். முப்பத்தெட்டு வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்தவன் நான். மொட்டைக் கடுதாசியையும் மனுவையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ, தட்டிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பின் வந்த தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிரல் அரைமணி நேரம் எதையோ இறக்கியது, நிறுவியது, மறுபடி துவக்கு என்றது.

துவக்கினேன். எழுத்தெல்லாம் உப்பிப்போய், பக்கவாட்டில் இழுத்த மாதிரி வந்தது. திரையின் அளவை மாற்றப் போனால் ஒரே ஒரு அளவுதான் இருக்கிறது, அதையும் மாற்ற முடியாது என்றது. சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். உள்ளே போனால், இந்தச் சாதனம் கோளாறு இருப்பதாகத் தெரிவித்ததால் நிறுத்தப்பட்டது, குறியீடு 43 என்று இருந்தது.

என் கம்ப்யூட்டர் பிரெஞ்சு மொழியில் இயங்குகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கும் பூகோளமும் எல்லாமே எனக்குப் பிரெஞ்சில்தான். அதனால் இந்த மாதிரி விஷயங்களை அந்த மொழியில் படித்தால்தான் சட்டென்று மண்டையில் ஏறும். ஆனால் மறுநாள் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன பாஷை?" என்று கேட்டான். "பாஷை எதுவானால் என்ன தம்பி, 43 என்கிற எண்ணைப் பார்" என்றேன். அவன் பார்க்கவில்லை. இருப்பதிலேயே புதிய டிரைவரை இறக்கிப் போட்டுப் பார்த்தான். பொருத்தமான கார்டு எதுவும் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று அது மறுத்துவிட்டது. இருபது நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. கார்டு போச்சு. இந்த மதர்போர்டுக்கு இனிமேல் புது கார்டு போடுவதும் வீண். விண்டோஸ் 10-க்கு ஆதரவும் நின்றுவிட்டது. புதுசு 38,000 ரூபாய் ஆகும், பழைய பெட்டியைக் கொடுத்தால் 2,000 கழித்துக்கொள்வார்கள்.

அந்தப் பையன் சொன்னதில் ஒன்று உண்மை, அதை மறைக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். நான் பதிவு செய்திருக்கிறேன். ஆகையால் இந்தப் பெட்டிக்கும் ஒரு ஓய்வு நாள் உண்டு. ஆனால் ஓய்வு பெறுவது வேறு, இறந்துவிட்டான் என்று எழுதிப் பென்ஷனை நிறுத்துவது வேறு. பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கடையிலிருந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கொடுக்காமல் வந்ததற்கு என் புத்திசாலித்தனம் காரணமில்லை. ஒரு பழைய தப்புதான் காரணம்.

2019-இல் என் நண்பர் ஒருவர், ரிட்டயரான வாத்தியார், இரண்டு தெரு தள்ளி இருப்பவர், அவருடைய கம்ப்யூட்டருக்கும் இப்படித்தான் வந்தது. எழுத்து உப்பிக்கொண்டது. கடைக்குப் போனபோது நானும் ஆட்டோவில் கூடப் போனேன். அங்கேயும் இதே வாக்கியம்தான். வாத்தியார் தயங்கினார். "விடுங்க வாத்தியாரே, பழசைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, கொடுத்துட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொன்னது நான். அவரும் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. காலமான அவர் மனைவியின் படங்கள் எல்லாவற்றையும், கல்யாண ஆல்பம் முதற்கொண்டு, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அந்தப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தார். ஆல்பம் ஏற்கெனவே கரையான் தின்று போயிருந்தது. ஓடினோம். பெட்டி மொத்தமாக வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். வாத்தியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதனால் இந்த முறை ஒரு 80 பக்க நோட்டை எடுத்து, கோப்பு தொடங்குகிற மாதிரி முதல் பக்கத்தில் தேதி போட்டேன். கடைசியாக ஒழுங்காக இருந்த நாள், அதற்குப் பின் மாறியது என்ன, இப்போது திரையில் வரும் செய்தி என்ன, மூன்றையும் எழுதினேன். எழுதும்போதே ஒரு விஷயம் உறுத்தியது. சுவிட்சைப் போட்டதும் வருகிற கம்பெனிச் சின்னம் கோடு இல்லாமல், கறை இல்லாமல் பளிச்சென்று வருகிறது. அதுவும் அந்தக் கார்டு வழியாகத்தான் வருகிறது. செத்த கார்டில் படம் எப்படி வரும்? 43 என்பது சில சமயம் உண்மையாகவே கார்டு எரிந்துபோனால் வருவதுதான். ஆனால் தப்பான டிரைவர் போட்டாலும் அதே எண்தான் வரும். இரண்டில் எது என்று பார்க்காமல் பிரேதப் பரிசோதனை முடிந்துவிட்டது என்றால் எப்படி?

டிரைவர் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. கேட்டால் பஸ் ஓட்டுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். பிரெஞ்சில் இதற்கு 'பிலோத்' என்று பெயர். கப்பலைத் துறைக்குள் வழிகாட்டிக் கூட்டி வருகிறவருக்கும் அதே பெயர்தான். நம் புதுச்சேரியில் அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இந்தக் கடலின் அலை எங்கே மடியும் என்று தெரிந்த நம் ஆட்கள் சலங்கை ஓட்டிக்கொண்டு போய் சரக்கையும் ஆட்களையும் இறக்கி வருவார்கள். கப்பலில் ஒரு குறையும் இருக்காது, கரையிலும் ஒரு குறையும் இருக்காது, சலங்குக்காரர் இல்லையென்றால் சரக்கு கடலிலேயே நிற்கும். கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சலங்குக்காரர்தான் டிரைவர்.

முதலில் சுலபமான வழி. புதிய டிரைவரை விட்டுப் பழையதற்கே திரும்பு என்று ஒரு பொத்தான் சாதனப் பட்டியலிலேயே உண்டு. எனக்கு அது மங்கிப்போய், தட்ட முடியாமல் இருந்தது. உங்களுக்கு அது தட்டக்கூடியதாக இருந்தால் அதோடு வேலை முடிந்தது, மேற்கொண்டு படிக்க வேண்டாம். மீட்புப் புள்ளி என்று ஒன்று இருக்கும், பழைய தேதிக்குத் திரும்பலாம். என் பெட்டியில் அதை எப்போதோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.

பரணில் தேடி, கார்டு வந்த அட்டைப் பெட்டியை எடுத்தேன். ஜி.டி. 730 என்று போட்டிருந்தது. விசாரித்ததில் அது 'கெப்ளர்' என்ற குடும்பம், அதற்கான கடைசி டிரைவர்கள் 470 என்ற வரிசை என்று தெரிந்தது. அதை இறக்கிப் போட்டேன். பொருத்தமான கார்டு இல்லை என்று கடையில் வந்த அதே பதில் எனக்கும் வந்தது. ஒரு முழு நாள் போனது.

இங்கே குடும்பப் பெயர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என்விடியா கம்பெனி தன் சில்லு வகைகளுக்கு விஞ்ஞானிகளின் பெயரை வைக்கிறது. ஃபெர்மி, கெப்ளர், மாக்ஸ்வெல், பாஸ்கால், ட்யூரிங் என்று வரிசை போகிறது. பாஸ்கால் எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். பிளேஸ் பாஸ்கால் 1642-இல், இருபது வயசுகூட ஆகாதபோது, கூட்டல் கழித்தல் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். எதற்காகத் தெரியுமா? ரூவான் நகரத்தில் வரி வசூல் அதிகாரியாக இருந்த அப்பா ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டு அவதிப்பட்டதைப் பார்க்கப் பொறுக்காமல். அரசாங்கக் கணக்கு எழுதுகிறவனுடைய கஷ்டத்துக்காகப் பிறந்ததுதான் இந்த வகை இயந்திரங்களின் ஆதி என்று நினைத்தால், எழுத்து உப்பிய திரைக்கு முன்னாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மறுநாள்தான் புத்தி வந்தது. ஆபீசில் ஒரு கோப்பைத் தேடும்போது தலைப்பை வைத்துத் தேட மாட்டோம். 'ஊதியம் தொடர்பாக' என்று நூறு கோப்பு இருக்கும். எண்ணை வைத்துத்தான் தேடுவோம். கார்டுக்கும் அப்படி ஒரு எண் உண்டு. சாதனப் பட்டியலில் கார்டின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பண்புகள், அதில் விவரங்கள், அதில் வன்பொருள் அடையாளம் என்று போனால் இரண்டு எண் சேர்ந்து நிற்கும். முதல் எண் கம்பெனி. 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏ.எம்.டி., 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்து இன்டெலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சில்லின் எண்ணும் 8086-தான். இரண்டாவது எண்தான் கார்டின் உண்மையான ஜாதகம். என்னுடையதில் 0எஃப்02 என்று இருந்தது. அந்த எண்ணைத் தேடினேன். அது கெப்ளரே இல்லை, அதற்கு முந்தைய ஃபெர்மி. ஜி.டி. 730 என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்பத்துச் சில்லுகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. நம் தெருவில் இரண்டு முத்துசாமி இருந்தால் அப்பா பெயரைக் கேட்க மாட்டோமா? பெட்டியின் மேல் இருந்ததை நம்பியது என் பிழை.

ஃபெர்மிக்கு வழக்கமாக வந்த டிரைவர்களில் கடைசி 391.35, 2018 மார்ச் மாதத்தது. அதற்கு மேற்பட்ட எண்ணைப் போட்டால் அது இந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது. கடையில் வந்த மறுப்புக்கு அதுதான் அர்த்தம். கார்டு இல்லை என்று அது சொல்லவில்லை, என் பட்டியலில் இந்தக் கார்டு இல்லை என்றுதான் சொன்னது. பழைய 391.35-ஐ அந்தக் கம்பெனி இன்னும் தன் இடத்திலேயே வைத்திருக்கிறது, அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

அதைப் போட்டேன். போட்டும் 43-தான் வந்தது! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பையன் சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது.

காரணம் இதுதான். அந்த விளம்பர நிரல் போட்டுவிட்டுப் போன தப்பு டிரைவரின் மிச்சம் உள்ளே இருந்தது. ஆபீசில் ஒரு புது ஆணை போட்டால், கீழே மறக்காமல், 'இதன் மூலம் முந்தைய ஆணை ரத்து செய்யப்படுகிறது' என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த வரி விட்டுப்போனால் இரண்டு ஆணையும் உயிரோடு இருக்கும், ஒரு செக்ஷன் ஒன்றைப் பார்த்து வேலை செய்யும், இன்னொரு செக்ஷன் மற்றதைப் பார்க்கும். என் பெட்டிக்குள் நடந்தது அதேதான்.

ரத்து செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் அந்த விளம்பர நிரலை நீக்கினேன். 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்று இலவச நிரல் ஒன்று இருக்கிறது, அதையும் 391.35-ஐயும் இறக்கி வைத்துக்கொண்டேன். பிறகு இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். இது முக்கியம், ஏனென்றால் டிரைவர் இல்லாத கார்டைக் கண்டால் விண்டோஸ் தானாகவே இணையத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தப் பார்க்கும். அப்புறம் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே 'மறுபடி துவக்கு' என்றால் நீலத் திரை வரும். அதில் பழுதுநீக்கும் பகுதிக்குள் போய், துவக்க அமைப்புகளில் 4 என்று அழுத்தினால் சேஃப் மோட். அங்கே வழக்கமான நாலு இலக்க எண்ணை அது சில சமயம் ஏற்காது, முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் இருந்தபடி துப்புரவு நிரலை ஓடவிட்டு, வழக்கம்போல் மறுபடி துவக்கி, 391.35-ஐப் போட்டேன். போடும்போது 'சுத்தமான நிறுவல்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

திரை இரண்டு முறை கறுத்தது. என் மனைவி சமையலறையிலிருந்து, "என்னங்க, ஒரேயடியா அணைஞ்சு போச்சா?" என்றாள். மூன்றாவது முறை வெளிச்சம் வந்தபோது எழுத்துகள் மெலிந்து, கூராகி, ஊசியால் குத்தினது போல நின்றன. 1920-க்கு 1080. நோட்டில் தேதியும் நேரமும் எழுதினேன். மொத்தம் நாலு நாள், செலவு ஆட்டோவுக்குக் கொடுத்த 240 ரூபாய்.

இப்போது என் கருத்து. கடைப் பையன்களைத் திட்டுவது என் நோக்கமில்லை. அவனுக்கும் மாதம் இத்தனை பெட்டி விற்க வேண்டும் என்று கணக்கு இருக்கலாம். ஆனால் ஒரு டாக்டர் கட்டி என்று சொன்னால் ஸ்கேன் எங்கே என்று கேட்கிறோம். அது மாதிரி கார்டு போச்சு என்றால், எந்தச் சோதனை செய்தீர்கள், கார்டின் அடையாள எண் என்ன, எந்த எண் டிரைவர் போட்டுப் பார்த்தீர்கள், வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டு, சீட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதித் தருவது என்றால் பாதித் தீர்ப்புகள் மாறிவிடும், இது நான் ஆபீசில் கண்ட அனுபவம். பிரான்சில் 2015-லேயே, சாமான் சீக்கிரம் பழசாகும்படி வேண்டுமென்றே செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். 2021-இல் மடிக்கணினி, டி.வி., வாஷிங் மெஷின் போன்றவற்றைப் பழுதுபார்க்க எவ்வளவு முடியும் என்று பத்துக்கு மார்க் போட்டு விலைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு என்று இணையதளம் திறந்தது. நல்லதுதான். ஆனால் அந்த உரிமை கடை மேஜைக்கு வந்து சேர வேண்டுமே.

அதுவரைக்கும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பெட்டியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வாங்காமல் கடைப்படி இறங்காதீர்கள். நாலு திருகுதான். கழற்ற நேரமில்லை என்று சொன்னால் நமக்கு நேரமிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். நம்மிடம் நேரத்துக்கு என்ன பஞ்சம்?

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு. திரை திடீரென்று கறுத்தால் உடனே பயப்பட வேண்டாம். விண்டோஸ் பொத்தான், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மட்டும் மறுபடி துவங்கும், பல சமயம் அதிலேயே உயிர் வந்துவிடும். இன்னொன்று, லாஸ்பேட்டையில் என் பழைய சகா ஒருவர் இரண்டு வாரம் டிரைவர், டிரைவர் என்று புலம்பினார். போய்ப் பார்த்தால் தூசி துடைத்தபோது திரையின் கேபிளைக் கார்டில் மாட்டாமல் மதர்போர்டு துளையில் மாட்டியிருக்கிறார். சிரிக்கவில்லை, நான் இலவச விளம்பரத்தைத் தட்டினவன்.

பழைய டிரைவர் என்பதால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. ஆகவே பென்ஷன் கணக்கை இந்தப் பெட்டியில் நான் திறப்பதில்லை. எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாத்தியார் வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "என்ன முசே, புதுசா?" என்றார். பிரெஞ்சு படித்தவன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பழசுதான் என்றேன். நோட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கி, வாத்தியார் விடைத்தாள் படிக்கிற மாதிரி, ஒரு வரி விடாமல் நாலு பக்கத்தையும் படித்தார். கடைசிப் பக்கத்தில் நேரம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "அப்போ என்னோடதும் இதுதானா?" என்றார். "இருக்கலாம் வாத்தியாரே" என்றேன். இருக்கலாம் என்பதைவிட அதிகமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். அப்புறம் அவர் மருமகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற விஷயம் பேசினோம்.

மறுநாள் காலை, வீட்டில் இருந்த எல்லாப் படங்களையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். ஒன்று என் பீரோவில் இருக்கிறது, இன்னொன்றை மகளுக்கு அனுப்பிவிட்டேன். 391.35 கோப்பையும் அதிலேயே வைத்திருக்கிறேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்பக்கத்தில் ஒரு காகிதத்தில் கார்டின் அடையாள எண்ணையும் டிரைவர் எண்ணையும் எழுதி ஒட்டியாயிற்று. வாத்தியார் வீட்டுப் பெட்டிக்கும் அதே மாதிரி எழுதி ஒட்டச் செவ்வாய்க்கிழமை போகிறேன்.